யார் எவ்வளவு தூரம் நடப்பது

அந்த அறையில் ஏசி எப்போதும் தேவைக்கு மேலேயே ஓடும். துப்பட்டாவைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டு, கணினித் திரையில் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் முகம் தெரியவில்லை. நீலத் தொப்பி முடியை மறைத்திருந்தது. முகக்கவசம் மூக்குவரை ஏறியிருந்தது. நீள மேசைக்கு முன்னால் அவளைப் போலவே உடுத்திய பெண்கள் வரிசையாக நின்றார்கள். கன்வேயரில் உள்ளங்கை அளவு சர்க்யூட் பலகைகள் வந்தபடி இருந்தன. ஒவ்வொருத்தியும் தன் பங்குக்கு எதையோ பொருத்தி அடுத்தவளுக்கு அனுப்பினாள். கூரையிலிருந்த கேமரா எடுத்த படம் அது. சத்தம் கிடையாது.

என் வேலை சுலபமானது. படத்தைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு பெண்ணையும் சுற்றி ஒரு கட்டம் போட வேண்டும். கை மேசைமேல் இருந்தால் ‘வேலை’ என்று குறிக்க வேண்டும். இரண்டு கைகளும் மேசையை விட்டு எழுந்து சற்று நேரம் அப்படியே இருந்தால் ‘சும்மா’. இப்படி நான் குறித்துக் கொடுக்கக் கொடுக்க, கணினி அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். பிறகு யார் வேலை செய்கிறாள், யார் சும்மா நிற்கிறாள் என்று அதுவே மேலதிகாரிக்குச் சொல்லிவிடும். இதுதான் எனக்குக் கிடைத்திருந்த எம்.இ. தீசிஸ் தலைப்பு.

கன்வேயர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் திடீரென்று இரண்டு கைகளையும் தூக்கினாள். கையுறையால் முகத்தைத் தொடக் கூடாது போலிருக்கிறது. முழங்கையை மடக்கி, சட்டையின் மேல்கையால் கண்ணை ஒற்றினாள். பிறகு மறு கையால் மறு கண்ணை. தோள் லேசாகக் குலுங்கியது. பக்கத்தில் நின்றவள் இவள் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் இவளுக்கு முன்னால் வந்த பலகையையும் தானே எடுத்துப் பொருத்தி அனுப்பினாள்.

மவுஸை ‘சும்மா’ என்ற பட்டன்மேல் கொண்டுபோய் வைத்தேன். அழுத்த முடியவில்லை.

கைடு தேடும் படலம்

எங்கள் கல்லூரியைப் பற்றி இந்தத் தொடரில் போன வாரம் எழுதியதைப் படித்த ஒருவர், ‘ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எது காலேஜ், எது கம்பெனி என்று வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?’ என்று கேட்டிருக்கிறார். உள்ளேயிருந்த எங்களுக்கே சில நாள் அந்தச் சந்தேகம் உண்டு. அதே நீளமான காம்பவுண்டு சுவர், அதே செக்யூரிட்டி கூண்டு, கழுத்தில் அதே அடையாள அட்டை. காலையில் வரிசையாக நிற்கும் பேருந்துகளும் ஒரே மாதிரி. எங்கள் ஊர் மண்ணூர். கல்லூரிப் பேருந்து என்று நினைத்து ஒருநாள் நான் ஏறியது ஒரகடத்துக் கார் உதிரிபாகக் கம்பெனியின் பேருந்து. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. ஓட்டுநர் மட்டும், “இன்னாம்மா, யூனிபாரம் போடலையா?” என்றார்.

எம்.இ. இரண்டாம் ஆண்டில் எல்லோருக்கும் ஒரு கைடு வேண்டும். ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர். அவர் கையெழுத்து இல்லாமல் தலைப்பைப் பதிவு செய்ய முடியாது. எங்கள் வகுப்பே சின்னது. அப்படியும் அந்த மாதம் பட்ட பாடு கொஞ்சமில்லை. பேராசிரியர்கள் மதியச் சாப்பாடு முடித்துக் கை கழுவும் இடத்தில் போய் நிற்போம். லிஃப்டில் கூடவே ஏறுவோம். தலைப்புகளுக்கும் ஒரு காய்ச்சல் இருந்தது. இலையைப் படம் பிடித்து நோயைச் சொல்வது, முகத்தைப் பார்த்து வருகைப் பதிவு செய்வது. நூலகத்தில் சீனியர்களின் தீசிஸ்கள் கறுப்பு ரெக்சின் அட்டையில், பசை வாடையோடு அடுக்கியிருக்கும். பாதிக்குமேல் இலை, மீதி முகம்.

எனக்குத் துறைத் தலைவரே கைடாகக் கிடைத்தபோது மற்றவர்கள் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள். சுகுமாரன் சார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, தாழ்ந்த குரல். யாரையும் அவர் அதட்டிப் பார்த்ததில்லை. எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றோடு பேசி, எங்கள் துறைக்கு ஒரு வேலை வாங்கியிருந்தார்.

“ஜெசிந்தா, நீ பொறுமையா உக்காந்து வேலை செய்யற பொண்ணு. கம்பெனி டேட்டா கொடுக்குது. கட்டுரை எழுதலாம். படிச்சு முடிக்கறதுக்குள்ள அவங்களே வேலைக்கும் கூப்பிடுவாங்க. இதை வேற யாருக்கும் குடுக்க எனக்கு மனசு வரலை” என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குள் ஒரு சந்தோஷம் துள்ளிக்கொண்டே வந்தது.

அக்கா சொன்னது

என் அக்கா அமலா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறாள். பன்னிரண்டாவது முடித்த கையோடு சேர்ந்தவள். நான் பார்த்த படம் அவள் கம்பெனியுடையது இல்லை. ஆனால் அவள் செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். நின்றுகொண்டே பொருத்துவது, பொருத்தியதைத் தள்ளிவிடுவது.

அன்று சாயங்காலம் அவள் முதல் ஷிப்ட் முடித்து வந்து, வாசல்படியில் உட்கார்ந்து கால்களை வாளித் தண்ணீரில் வைத்திருந்தாள். உப்புப் போட்ட வெந்நீர். அம்மா உள்ளே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலைப்பு கிடைத்த கதையைச் சொன்னேன். கேமரா, கட்டம், ‘வேலை’, ‘சும்மா’ எல்லாவற்றையும்.

அவள் தண்ணீரைக் காலால் அளைந்தபடியே கேட்டாள். முதலில் சிரித்தாள்.

“சூப்பர்வைசருக்கு சம்பளம் மிச்சம்னு சொல்லு.”

“நீ என்ன நினைக்கறக்கா?”

“நான் இன்னா நெனைக்கறது? எங்க லைன்லயும் கேமரா கீது. அது பாக்கறது எனக்குப் பழகிப்போச்சு.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். “நீ பாக்கறன்னாத்தான் ஒரு மாதிரி கீதுடி ஜெசி.”

பிறகு அவளே, “அதுக்கோசரம் வுட்டுடாத. நல்ல எடம். நீ பண்ணலன்னா வேற யாரோ பண்ணிட்டுப் போறான்” என்றாள். காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அந்த வாளியைத் தூக்கித் தென்னங்கன்றுக்கு ஊற்றினேன். அவள் சொன்ன இரண்டு பேச்சில் எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

சுலபமானதைக் கேட்டேன். மறுநாளிலிருந்து கட்டம் போட ஆரம்பித்தேன். வாரக்கணக்கில் போட்டேன். ஒருத்தி கழுத்தைச் சொடுக்குவாள், ‘சும்மா’. ஒருத்தி பக்கத்தில் இருப்பவளின் முதுகுக்குப் பின்னால் அவிழ்ந்த நாடாவைக் கட்டிவிடுவாள், ‘சும்மா’. குறித்துக்கொண்டே போனேன். கை பழகிவிட்டது. கட்டுரைக்குத் தலைப்புக்கூட மனதுக்குள் எழுதி வைத்துவிட்டேன்.

அப்புறம்தான் அந்தக் கண்ணைத் துடைத்த பெண் வந்தாள்.

மறுபடியும் அந்த அறை

அந்தத் துண்டை எத்தனை தடவை ஓட்டினேன் என்று நினைவில்லை. அவள் யாரென்று எனக்குத் தெரியாது. அவளுக்கு என்ன நேர்ந்தது என்றும் தெரியாது. காலையில் ஊரிலிருந்து ஏதாவது தகவல் வந்திருக்கலாம். யாராவது திட்டியிருக்கலாம். விதிமுறைப்படி நான் செய்ய வேண்டியதில் சந்தேகமே இல்லை. கை மேசையில் இல்லை. ‘சும்மா’.

கணினியை அணைத்துவிட்டுச் சுகுமாரன் சார் அறைக்குப் போனேன். என்ன சொல்லப்போகிறேன் என்று யோசித்து வைக்கவில்லை.

“சார், இந்தத் தலைப்பு எனக்கு வேணாம் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “உக்காரு. என்ன ஆச்சு?”

நான் படத்தில் பார்த்ததைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். நடுவில் வந்த போனைக்கூட எடுக்கவில்லை. அதற்காக இன்றுவரை அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

“சரி. அவ அழறா. அது சிஸ்டத்தோட தப்பா? ‘அழுகை’ன்னு இன்னொரு லேபிள் சேர்த்துக்குவோம். உன் தீசிஸுக்கே அது புதுசா இருக்கும்.”

“அதையும் மேலதிகாரிக்குச் சொல்லுமா சார்?”

அவர் கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, “தப்பு எங்க இருக்குன்னு எனக்கு ஒரு வரியில சொல்லு. நான் ஒத்துக்கறேன்” என்றார்.

என்னால் சொல்ல முடியவில்லை. இன்று கேட்டாலும் ஒரு வரியில் சொல்வேனா தெரியாது. “எங்கக்கா லைன்ல நிக்கறாங்க சார்” என்று மட்டும் சொன்னேன்.

“எங்கப்பாவும் மில்லுலதான் நின்னாரு” என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. “சரிம்மா. உன் இஷ்டம். ஆனா இந்நேரத்துக்கு மேல கைடு கிடைக்கறது கஷ்டம். அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போ.”

அவர் சொன்னது சரியாக இருந்தது. துறைத் தலைவரை விட்டுவிட்டு வந்த மாணவியை யார் சேர்த்துக்கொள்வார்கள்? ஒருவர், “எனக்கு ஆள் நிறைஞ்சாச்சு” என்றார். இன்னொருவர், “சார்கிட்டயே திரும்பப் போய் மன்னிப்புக் கேளும்மா” என்று அறிவுரை சொன்னார். பேராசிரியர்கள் குழு ஆய்வைக் கேட்டு மதிப்பிடும் முதல் ரிவ்யூ மற்றவர்களுக்கு முடிந்துவிட்டது. என் பெயருக்கு நேரே கைடு என்ற இடம் காலியாகவே இருந்தது. ஒரு வருடம் வீணாகிவிடும் என்று அம்மா அழுதார். அக்கா அழவில்லை. ஆனால் என்னோடு சரியாகப் பேசவும் இல்லை. விட்டுவிடாதே என்று அவள்தானே சொல்லியிருந்தாள்.

ரோட்டுக்கு வெளியே

அந்த மார்கழியில் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து பனி வந்து ஊரையே மூடியது. காலையில் எதிரே வருபவர் இருமினால்தான் ஆள் இருப்பது தெரியும்.

அக்காவோடு ஒரே லைனில் இசக்கியம்மாள் என்று ஒரு பெண் இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. எங்கள் ஊருக்குப் பின்னால் புதிதாகப் போட்ட மனைப்பிரிவில் வரிசை வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். அங்கே ஒரே அறையில் நான்கைந்து பெண்களோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, மீன் குழம்பைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிடுவாள். “புளி பத்தலக்கா” என்பாள் அக்காவிடம்.

கம்பெனிப் பேருந்து அக்காவுக்கு மாதா கோயில் தெருவுக்கே வரும். ஆரம்பத்தில் உள்ளூர்ப் பெண்களை மட்டும் வேலைக்கு எடுத்தபோது போட்ட வழி அது. பிறகு வந்து சேர்ந்த வெளியூர்ப் பெண்கள் மனைப்பிரிவிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் நடந்து வந்து ஏற வேண்டும். அந்தப் பாதையில் விளக்கு கிடையாது. மெயின் ரோட்டோரத்தில் கன்டெய்னர் லாரிகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள்.

ஒருநாள் விடிவதற்கு முன்னால், நிறுத்தத்துக்கு நடந்துபோன இசக்கியை ஒரு வண்டி இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. உயிர் பிழைத்தாள். இடது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கியிருந்தது.

மறுநாள் மதியம் நானும் அக்காவும் மருத்துவமனைக்குப் போனோம். ஊரிலிருந்து அவள் அம்மா வந்து கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் இசக்கி எழ முயன்றாள். அக்கா அவள் நெற்றியில் கைவைத்துப் படுக்க வைத்தாள்.

“எக்கா, நா ரோட்டுல நடக்கலக்கா. வெளியதான் போனேன். லாரிய ஓரத்துல நிப்பாட்டிருந்தாவ. அதச் சுத்திப் போணும்லா? அதுக்குத்தான் ரோட்டு மேல ஏறுனேன்.”

“பேசாதடி. கம்முனு படு.”

“இல்லக்கா. எல்லாரும் போனப் பாத்துட்டே நடந்தேன்னு சொல்லுதாவ. கம்பெனியில இருந்து வந்தவுகளும் அதான் சொன்னாவ. எங்கம்மையும் அதயே சொல்லி அழுதா.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “போனுல டார்ச்ச அடிச்சிட்டுலா போனேன். கண்ணு தெரியாண்டாமா?”

அந்த அம்மா தரையிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பிள்ளைக்குப் போன் வாங்கிக் கொடுத்ததே தப்பு என்று அவரிடம் யார் யாரோ சொல்லியிருந்தார்கள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அம்மா, அந்தப் பாதையில விளக்கே இல்லம்மா. போன் டார்ச் இல்லாம யாரும் அங்க நடக்க முடியாது. எங்க ஊருதான் அது. எனக்குத் தெரியும்.”

“நெசமாவா தாயி?”

“நிஜம்மா. அவமேல எந்தத் தப்பும் இல்ல.”

அவர் எழுந்து போய் மகளின் கட்டுப்போட்ட காலைத் தொட்டார். இசக்கி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அக்கா என்னோடு பேசினாள். பல நாளைக்குப் பிறகு.

“எனக்கு மட்டும் வூட்டாண்ட வருதுடி பஸ்ஸு. அதுங்கள்லாம் அம்மாந்தூரம் நடக்குதுங்க. டெய்லி பஸ்ல பாக்கறேன், ஒருநாளும் தோணல.”

தடுப்புக்குப் பின்னால்

எங்கள் துறையில் ரேவதி மேடம் என்று ஒருவர் இருந்தார். அல்காரிதம் பாடம் எடுப்பார். முப்பத்தைந்து வயதுக்குமேல் இருக்காது. அறைகூடக் கிடையாது, லேபின் மூலையில் ஒரு பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் உட்காருவார். ஆய்வுக்கு வழிகாட்ட அவருக்கு அனுமதி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. யாரும் அவரிடம் போகவில்லை. நானும் போகவில்லை. அவருடைய பாடத்தில் கணினியைவிடக் காகிதத்தில்தான் அதிகமாகக் கணக்குப் போட வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியதும் ஒரு காரணம்.

இசக்கியைப் பார்த்துவிட்டு வந்த வாரத்தில் அவரிடம் போனேன்.

“மேடம், கம்பெனி பஸ் எங்கெங்க நிக்கணும்னு கண்டுபிடிக்கறதை தீசிஸா எடுக்கலாமா?”

அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “பழைய கேள்விம்மா அது. ஸ்கூல் பஸ்ஸுக்கு எத்தனையோ பேர் எழுதியாச்சு. நீ புதுசா என்ன சொல்லப்போற?”

“அதுல எல்லாம் பஸ் ஓடற தூரத்தைக் குறைக்கப் பாக்கறாங்க மேடம். மொத்தக் கணக்கு நல்லா வரும். ஆனா யாரோ ஒருத்தி மட்டும் ரொம்ப தூரம் நடப்பா. அது அந்தக் கணக்குல தெரியாது. நான் அவளைத்தான் பாக்கணும். கடைசில நிக்கறவ நடக்கற தூரத்தை, அதுவும் இருட்டுல நடக்கற தூரத்தைக் குறைக்கணும்.”

பேனா நின்றது. “யார் அவ?”

சொன்னேன். அவர் தடுப்புக்கு மேலே எட்டி லேபைப் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“நீ சார்கிட்ட இருந்து வெளிய வந்த பொண்ணுதானே? உன்னை நான் எடுத்துக்கிட்டா என்ன ஆகும்னு தெரியுமா? நான் இன்னும் நிரந்தரம்கூட ஆகலை.”

“தெரியும் மேடம்.”

“தெரியாது உனக்கு” என்றார். “எனக்கும் இது முதல் தடவை. நான் யாருக்கும் கைடா இருந்ததில்லை. ரெண்டு பேரும் சேர்ந்து மாட்டிக்குவோம்.”

நான் எழுந்துவிட்டேன். நன்றி சொல்லிவிட்டுத் தடுப்பைத் தாண்டும்போது கூப்பிட்டார்.

“அந்தப் பொண்ணுங்களோட போன்ல இருந்து இடத்தை எடுக்கக் கூடாது. ஒவ்வொருத்தியையும் நேரா போய்ப் பாத்து, என்னத்துக்குக் கேக்கறோம்னு சொல்லி, அவ சரின்னா மட்டும் கேக்கணும். வேணாம்னா விட்டுடணும். உன்னால முடியுமா?”

“முடியும் மேடம்.”

“தலைப்புப் பதிவு பண்ற படிவத்தைக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்.”

மறுநாள் அவர் சுகுமாரன் சாரின் அறையிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. என்ன பேசினார்கள் என்று என்னிடம் அவர் சொன்னதில்லை. அந்தப் பருவம் முழுக்கத் தேர்வுப் பிரிவு வேலையும் அவர் தலையில் விழுந்தது. வினாத்தாள் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் என் வரைவுகளைத் திருத்தினார். கறாரான மனுஷி. ஒரு பக்கத்தில் நான் ‘மிகச் சிறந்த முடிவு’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘யாருக்கு?’ என்று எழுதியிருந்தார்.

மனைப்பிரிவுப் பெண்கள் முதலில் கதவைத் திறக்கவே யோசித்தார்கள். இசக்கியின் பெயரைச் சொன்னதும் உள்ளே கூப்பிட்டார்கள். பாயை விரித்து டீ கொடுத்தார்கள். எங்கே நாய் துரத்தும், எங்கே தண்ணீர் தேங்கும், எந்த வளைவில் ஆண்கள் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்பார்கள் என்று ஒருத்தியை ஒருத்தி முந்திக்கொண்டு சொன்னார்கள். வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களை விட்டுவிட்டேன்.

சாரின் கேள்வி

கடைசி ரிவ்யூவுக்குச் சுகுமாரன் சார்தான் தலைமை. ரேவதி மேடம் பின்வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் பேசி முடிக்கும்வரை சார் குறுக்கிடவில்லை. பிறகு, அதே தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி கேட்டார்.

“ஒரு பஸ் ஒரு தெருவுக்குள்ளதான் திரும்ப நேரம் இருக்குன்னு நீயே சொல்ற. மனைப்பிரிவுக்குத் திருப்பிட்ட. அப்போ யாரோ ஒருத்தர் இப்ப நடக்கறதைவிட அதிகமா நடக்கணுமே. அது யாருன்னு பாத்தியா?”

என்னைக் கவிழ்க்கக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று தெரியவில்லை. ஆனால் அதைவிட நல்ல கேள்வியை அந்த ஆய்வில் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

“பாத்தேன் சார்.”

“யாரு?”

“மாதா கோயில் தெருக்காரங்க. அவங்க பள்ளிக்கூட முனைக்கு நடந்து வரணும். அந்த வழியில விளக்கு இருக்கு. புதுக் கணக்குல எல்லாரையும்விட அதிகமா நடக்கறவங்க அந்தத் தெருவோட கடைசி வீட்டுக்காரங்க.”

“அவங்ககிட்ட சொல்லிட்டியா?”

“இன்னும் இல்ல சார். எங்கக்காதான் அது.”

அவர் மதிப்பெண் தாளை இழுத்து எழுத ஆரம்பித்தார். போதும் என்று மட்டும் சொன்னார். வெளியே வந்ததும் ரேவதி மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தீசிஸ் தேறியது. பெரிய கட்டுரையாகவெல்லாம் வரவில்லை. மேடத்துக்கு அந்தக் கல்லூரியில் பணி நிரந்தரமாகவில்லை. அடுத்த வருடமே வேறு ஊருக்குப் போய்விட்டார். என்னால்தானா என்று ஒருமுறை போனில் கேட்டேன். “நீ உன் வேலையைப் பாரு” என்று பேச்சை மாற்றினார்.

அக்காவுடைய கம்பெனிக்குப் பேருந்து ஓட்டும் கான்ட்ராக்டரிடம், அக்காவும் மனைப்பிரிவுப் பெண்களும் சேர்ந்து என் வரைபடத்தைக் கொண்டுபோனார்கள். பலமுறை அலைந்த பிறகு, ஒரே ஒரு வழித்தடத்தில் மட்டும் மாற்றிப் பார்க்கிறேன் என்றார். மற்ற வழித்தடங்கள் இன்றைக்கும் பழையபடிதான் ஓடுகின்றன.

இசக்கி திரும்பி வரவில்லை. கால் கூடிவிட்டது, ஆனால் நாள் முழுக்க நிற்க முடியாது. ஊரிலேயே ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. பேருந்து இப்போது அவள் இருந்த வரிசை வீட்டு வாசலுக்கே வருகிறது என்று அவளிடம் போனில் சொன்னேன். “நல்லதுக்கா. புள்ளையள கேட்டதாச் சொல்லுங்க” என்றாள்.

அமலா அக்கா

வழி மாறிய முதல் நாள் காலையில் நானும் அக்காவோடு நடந்தேன். இன்னும் வெளுக்கவில்லை. தெரு விளக்குகளைச் சுற்றிப் பூச்சி பறந்தது. சாப்பாட்டுப் பை அவள் தோளில் இடித்துக்கொண்டே வந்தது.

அவளிடம் நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அவளும் சரி என்றுதான் சொல்லியிருந்தாள். கான்ட்ராக்டரிடம் முதலில் பேசியவளே அவள்தான். ஆனாலும் நடக்கும்போது கால் வலிக்கத்தானே செய்யும்?

“ஊர்ல இவ்ளோ பேரு கீறாங்க. உன் கம்ப்யூட்டருக்கு நான்தான் கெடச்சனா?”

“நம்ம வீடு தெருக்கடைசிக்கா.”

“நாள்பூரா நின்னுக்கினே கீறேன். இப்ப காலைலயும் நடக்க வுட்டுட்ட. படிக்க வெச்சதுக்கு நல்லா செஞ்சடி.”

“இப்ப எல்லாரையும்விட அதிகமா நடக்கறது நீதான்க்கா. உன்னைவிட யாரும் அதிகமா நடக்கலை.”

“முன்னாடி யாரு?”

“முன்னாடி இசக்கி.”

அவள் பையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டு நடந்தாள். பள்ளிக்கூட முனை வந்தது. பேருந்து மனைப்பிரிவைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றது. உள்ளே பெண்கள் பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த ஒருத்தி அக்காவைப் பார்த்ததும் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் விட்டாள். அக்கா ஏறி உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த நாளும் என்னைத் திட்டிக்கொண்டுதான் செருப்பை மாட்டினாள். ஆனால் நடக்க நேரம் வேண்டுமென்று, தானாகவே சீக்கிரம் எழுந்து கிளம்பியிருந்தாள்.